வயதுக் கணக்கு: தவறை மறைக்கும் வினாக்கள் தேவை

தந்தை வயது மகன் வயதைப்போல் 4 மடங்கு. 5 ஆண்டுகளுக்கு முன் 7 மடங்கு. மகன் வயதை 'ம' எனக் கொண்டால் 4ம − 5 = 7(ம − 5). விரித்தால் 4ம − 5 = 7ம − 35, அதாவது 3ம = 30, ம = 10. தந்தைக்கு 40.

அடைப்புக்குறியை விட்டு 7ம − 5 என்று எழுதினால் ம = 0. அபத்தமான விடை, பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுவார்கள். ஆபத்து வேறு வகையில். இன்னொரு கணக்கு: தந்தை மகனைவிட 24 வயது மூத்தவர், 4 ஆண்டுகளில் மகன் வயதைப்போல் 3 மடங்கு: ம + 28 = 3(ம + 4), ம = 8. அதே தவறைச் செய்தால் ம = 12, நம்பும்படியாகவே இருக்கிறது! சரிபார்த்தால்தான் மாட்டும்: 4 ஆண்டுகளில் தந்தைக்கு 40, மகனுக்கு 16; 40 என்பது 16-இன் 3 மடங்கு அல்ல.

இப்படித் தவறிலும் முழு எண் வரும் கணக்குகள், வயது தவிர்த்த சூழல்களில், எட்டாம் வகுப்புக்கு நாலைந்து வேண்டும். தெரிந்தவர்கள் சமன்பாட்டோடு பகிருங்கள்.