காய்ந்துபோன பைனஸ் பிசின்: காரின் பெயின்ட் கெடாமல் எடுப்பது எப்படி?

நானுஓயா_பனி:
மூணு கிழமையா கார் பைனஸ் மரத்துக்குக் கீழ நின்னது. பொனட், கூரை, முன் கண்ணாடி எல்லாத்துலயும் பிசின் சொட்டுச் சொட்டா விழுந்து கல்லு மாதிரி காஞ்சிருக்கு. ஷாம்பூவுக்கு அசையவே இல்ல. கறுப்புக் கலர். கம்பனி பெயின்ட்தான், ஆனா இடது பக்க மட்காட் மட்டும் போன மாசம் கராஜ்ல திரும்ப அடிச்சது. தின்னர் போடச் சொல்றார் ஒருத்தர், மண்ணெண்ணெய்ங்கிறார் இன்னொருத்தர். எதை நம்புறது?

பெயின்ட்_பாஸ்:
தின்னர் போத்தலை முதல்ல மூடி வைங்க. கராஜ்ல இருக்கிற என்சி தின்னர் பெயின்டையே கரைக்கச் செஞ்ச சாமான். கம்பனி கிளியர் கோட் (கலருக்கு மேல இருக்கிற நிறமில்லாத பூச்சு) கொஞ்ச நேரம் தாங்கும், ஆனா மங்கிப் போகும். திரும்ப அடிச்ச இடமா இருந்தா சுருங்கி எழும்பிடும்.

பாமசியில சர்ஜிக்கல் ஸ்பிரிட் வாங்குங்க, இல்லாட்டி 70 வீத ஐசோபுரோப்பைல் அல்ககோல். 100 மில்லி இருந்தா பொனட்டுக்கும் கூரைக்கும் தாராளம். வாகனத்தை நிழல்ல விட்டு, மண் தூசி ஒண்ணும் இல்லாம கழுவித் துடைங்க. தூசியோட தேய்ச்சா பிசின் போறதுக்கு முந்தியே கீறல் விழுந்திடும், கறுப்புல அது அப்படியே தெரியும். பிறகு பெற்றோல் ஊத்துற இடத்தை மூடுற வெளிக் கதவோட பெயின்ட் அடிச்ச உள்பக்கத்துல ஸ்பிரிட் துணியை ஒரு நிமிஷம் வச்சுப் பாருங்க. துணியில கலர் ஏறினா அதோட நிறுத்திடுங்க.

கலர் ஏறலைன்னா, கை தாங்குற சூட்டுத் தண்ணியில துணியை நனைச்சுப் பிசின் மேல அஞ்சு நிமிஷம் போடுங்க. நம்ம பக்கத்துக் குளிர்ல இந்த வேலையை விட்டுடாதீங்க, காலையில பிசின் கண்ணாடி மாதிரி இறுகி நிக்கும். இளகினதும் பஞ்சை ஸ்பிரிட்ல நனைச்சு சொட்டு மேல 30 தொடக்கம் 60 செக்கன் வைங்க. தேய்க்க வேணாம். பஞ்சை அப்படியே மேல தூக்கி எடுங்க, அடுத்த தடவைக்குப் புதுப் பஞ்சு. தடிச்ச சொட்டுக்கு மூணு நாலு தடவை வேணும். அவசரப்பட்டுத் தேய்ச்சா, கரைஞ்ச பிசின் நாலு பக்கமும் பரவி மெல்லிய படலமா ஒட்டிக்கும். உள்ளங்கை அளவு இடம் முடிஞ்சதும் ஷாம்பூத் தண்ணியால கழுவிட்டு அடுத்த இடத்துக்குப் போங்க. அடுப்பு, சிகரெட் பக்கம் வச்சு இந்த வேலை வேணாம்.

மட்காட்டை இப்போதைக்குத் தொடாதீங்க. ஒரு மாசத்துப் பெயின்ட், அதுவும் சூடாக்கிக் காய வைக்கிற ஓவன் இல்லாம குளிர்ல காய்ஞ்சது, உள்ளுக்குள்ள இன்னும் இறுகியிருக்காது.

ஹட்டன்_பழையவர்:
எல்லாப் பிசினும் ஒண்ணு இல்லை. பைனஸ் பிசின் தண்ணீரில் கரையாது, ஸ்பிரிட்டில் கரையும். சவுக்குப் பிசின் (நம்ம தேயிலைத் தோட்டத்துச் சவுக்கு, அதாவது கிரேவில்லியா) தண்ணீரில் ஊறினாலே இளகும், ஈரத்துணியை அரை மணி நேரம் போட்டால் போதும். டர்பன்டைன் மரத்துக்கு (யூகலிப்டஸ்) கீழே நிறுத்தினால் மழையோடு செம்பழுப்புக் கறை வழியும். அது துவர்ப்புச் சாறு, காய முன்னமே கழுவ வேண்டும். (பெயர்தான் டர்பன்டைன். உண்மையான டர்பன்டைன் எண்ணெய் எடுப்பது பைனஸிலிருந்து. ஹார்ட்வெயார் கடையில் கிடைக்கிற மினரல் டர்பன்டைன் பெற்றோலிய வகை.) பலாப்பால் ரப்பர் மாதிரி. அதற்கு ஸ்பிரிட் வேலை செய்யாது, மினரல் டர்பன்டைனைத் துணியில் தொட்டு எடுக்க வேண்டும்.

மண்ணெண்ணெய் பைனஸ் பிசினை இளக்கும், பொய் இல்லை. ஆனால் எண்ணெய்ப் படலம் தங்கித் தூசியை இழுக்கும். பாவித்தால் இரண்டு தடவை ஷாம்பூ போட்டே ஆக வேண்டும்.

அந்த மட்காட்டுக்குத் தேங்காய் எண்ணெய் நல்லது. 24 பாகைக்குக் கீழே உறைந்துவிடும் என்பதால் போத்தலைச் சுடுதண்ணீரில் வைத்து உருக்குங்கள். சொட்டின் மேல் தடவிப் பத்து நிமிடம் விட்டு, மென்மையான துணியால் ஒற்றி எடுங்கள். மெதுவாகத்தான் இளகும், இரண்டு மூன்று நாள் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும். புதுப் பெயின்டுக்கு ஆபத்து இல்லை.

வெலிமடை_வேன்:
கண்ணாடிக்கு இவ்வளவு கஷ்டம் இல்ல. சவர்க்காரத் தண்ணி தெளிச்சு, புது ஷேவிங் பிளேட்டை 30 பாகை சாய்ச்சுப் பிடிச்சு ஒரே பக்கமாத் தள்ளுங்க. பிளேட்டைப் பெயின்ட்டுக்கும் ஹெட்லைட்டுக்கும் கொண்டு போயிடாதீங்க, ஹெட்லைட் பிளாஸ்டிக். பிசின் இருக்கும்போது வைப்பரைப் போட்டா கண்ணாடி பூரா இழுத்துப் பூசிடும். ரப்பரை ஸ்பிரிட் துணியால ஒரு தடவை துடைச்சிட்டுப் போடுங்க.

வீட்டுல ஹேண்ட் சானிடைசர் ஜெல் மிச்சமிருந்தா கதவுப் பக்கத்துக்கு நல்லா உதவும். ஸ்பிரிட் மாதிரி வழிஞ்சு ஓடாது.

நானுஓயா_பனி:
நன்றி. ஸ்பிரிட் வச்சு எடுத்தாச்சு. நாலஞ்சு இடத்துல வட்டமா ஒரு தழும்பு மட்டும் தெரியுது, தடவினா நகத்துல தட்டுப்படல.

பெயின்ட்_பாஸ்:
நகத்துல தட்டாட்டி மேலோட்டமானது. பிசின் காயும்போது சுருங்கிக் கிளியர் கோட்டையும் சேர்த்து இழுக்கும், அந்த அடையாளம்தான். மெல்லிய பொலிஷிங் கம்பவுண்ட், பட்டாணி அளவு, ஃபோம் பேட்ல எடுத்து நேரா முன்னுக்குப் பின்னும் குறுக்கேயும் பத்துப் பதினைஞ்சு தடவை. துடைச்சுப் பாருங்க, போகலைன்னா இன்னொரு தடவை. அதுக்கு மேல வேணாம், கிளியர் கோட் மொத்தமே ஏறக்குறைய 40, 50 மைக்ரோன்தான். முடிஞ்சதும் வேக்ஸ் போடுங்க, ஆனா பனிமூட்டம் இறங்கியிருக்கும்போது இல்ல, காயாம பூத்துப்போயிடும். காலை பத்து மணிக்குப் பிறகு, மெல்லிசா.

வெலிமடை_வேன்:
இன்னொண்ணு. பொனட்டைத் தூக்கி வைப்பருக்குக் கீழ இருக்கிற பள்ளத்தைப் பாருங்க. மூணு கிழமை பைனஸுக்குக் கீழ நின்ன வாகனம்னா அங்க ஊசியிலை குவிஞ்சிருக்கும். தண்ணி போற ஓட்டை அடைச்சா மழைத்தண்ணி புளோவர் வழியா கால் மிதி வரைக்கும் வரும்.