ட்ராவிஸ் ஹன்ட்டரின் 2024 சீசன்: நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

போல்டர்வாசி:
அமெரிக்கன் ஃபுட்பாலில் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் டிராஃபி ஹன்ட்டருக்குக் கிடைத்ததும் எல்லோரும் எண்களை அடுக்கினார்கள். 96 கேட்ச், 1,258 யார்டு, பந்தை எதிரணியின் கோட்டைத் தாண்டிக் கொண்டுபோன 15 டச்டவுன், போதாதென்று எதிரணி எறிந்த பந்தைப் பறித்த நாலு இன்டர்செப்ஷன். சரிதான். ஆனால் அவன் ஆடிய கொலராடோ பல்கலைக்கழக டீமின் மேட்ச்சுக்குப் போல்டரில் இருக்கிற ஃபோல்ஸம் ஃபீல்டில் போய் உட்கார்ந்தவர்கள் ஸ்கோர்போர்டைவிட இந்தப் பையனைத்தான் அதிகம் பார்த்திருப்பார்கள். பந்து கைமாறியதும் மற்றவர்கள் வெளியே போய் பெஞ்சில் சாய்வார்கள். ஹன்ட்டரின் 12-ஆம் நம்பர் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்ப உள்ளே வந்துவிடும். இப்போது பந்தைப் பிடித்து ஓடும் வைடு ரிசீவர், அடுத்த நிமிடம் எதிரணி ரிசீவரைத் தடுக்கும் கார்னர்பேக். போல்டர் 5,000 அடிக்கு மேலே இருக்கிற ஊர். வெளியூர் டீம்கள் மூச்சு வாங்கும் இடத்தில் இவன் இரண்டு ஆள் வேலை பார்த்தான்.

செப்டம்பர் 21, பேலர் பல்கலைக்கழகத்தோடு மேட்ச். கடைசி நொடிகளில் எங்கள் குவாட்டர்பேக், அதாவது பந்தை எறிகிறவர், ஷெடூர் சாண்டர்ஸ் தூக்கி எறிந்த பந்து டச்டவுனாகி 31-31 ஆனபோதே பக்கத்து சீட்காரர் என் தோளைப் பிடித்து உலுக்கிவிட்டார், யாரென்றே தெரியாது. ஓவர்டைமில் நாங்கள் 38. பேலர்காரர் ஒருவர் பந்தோடு கோல் லைனை எட்டப் போகிறார், அவ்வளவுதான் என்று நினைத்தேன். ஹன்ட்டர் வந்து மோதினான், பந்து தெறித்தது, மேட்ச் முடிந்தது. அன்று முழுக்க ரிசீவராகவும் ஓடித் தீர்த்த கால்கள் அவை. எனக்கு ஹைஸ்மன் அங்கேயே முடிவாகிவிட்டது.

நீலப்புல்:
வாழ்த்துகள், ஆனாலும் நான் ஜீன்டி கட்சி. பாய்ஸி ஸ்டேட் பல்கலைக்கழக மைதானத்தின் நீலத் தரையில் ஆஷ்டன் ஜீன்டியைப் பார்த்தவர்கள் சொல்லுங்கள். பந்தோடு ஓடும் மற்ற ரன்னிங் பேக்குகள் முழங்காலில் கை வைத்துக் குனிந்து நிற்பார்கள். இவர் பஸ்ஸுக்கு நிற்கிற மாதிரி நேராக, கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்பார். பந்து வந்ததும் நாலு பேர் மேலே விழுவார்கள், அவர் மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருப்பார். சீசன் முடிவில் 2,601 யார்டு. ஒரு சீசனில் அதிக யார்டு ஓடியதற்கு 1988-இல் பாரி சாண்டர்ஸ் வைத்த சாதனைக்கு 27 யார்டுதான் பாக்கி. ஹைஸ்மன் ஓட்டெடுப்பிலும் ஹன்ட்டரின் 2,231-க்கு இவருக்கு 2,017 புள்ளி. வேறொரு வருடமாக இருந்தால் கோப்பை பாய்ஸிக்கு வந்திருக்கும்.

போல்டர்வாசி:
அதை மறுக்கவில்லை. ஆனால் சிறந்த ரிசீவருக்கான பிலெட்னிகாஃப், சிறந்த தடுப்பாட்டக்காரருக்கான பெட்நாரிக், இரண்டையும் ஒரே ஆள் வாங்கிக்கொண்டு வந்து நின்றால் யாரோடு ஒப்பிடுவது? 1997-இல் ஹைஸ்மன் வென்ற சார்லஸ் வுட்சனும் தடுப்பாட்டக்காரர்தான், இரண்டு பக்கமும் ஆடியவர்தான். ஆனால் அவர் ரிசீவராக இறங்கியது எப்போதாவது. இவனுக்கு அது தினப்படி வேலை.

கடைசிவரிசை:
2025 ஏப்ரலில் ஹன்ட்டரின் 12-ஆம் நம்பர் ஜெர்சியை இனி யாரும் போடக் கூடாது என்று அதற்கு ஓய்வு கொடுத்த நாளில் நானும் அங்கே இருந்தேன். கொலராடோவுக்கு ஆடியது இரண்டே சீசன், அதற்குள் இந்த மரியாதையா என்று பழைய ரசிகர்கள் முணுமுணுத்தார்கள். அதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது, இன்னும் சில வருடம் பொறுத்திருக்கலாம். ஆனால் என் பக்கத்தில் 12 போட்ட சட்டையோடு நின்ற சிறுவனிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பெரியவனானால் ரிசீவரா, கார்னரா என்று கேட்டேன். “ரெண்டும்தான்” என்றான், இது என்ன கேள்வி என்கிற மாதிரி.