கிகாலி கண்காட்சியில் ஸ்டால் போடலாமா?

கம்பாலாவாசி:
வணக்கம். உகாண்டாத் தலைநகர் கம்பாலாவில் ஒரு அலுமினியப் பாத்திரக் கம்பெனியில் பத்து வருஷமாக விற்பனை பார்க்கிறேன். முன்பெல்லாம் வாரம் ஒரு லாரி சரக்கு கத்துனா எல்லை வழியாக ருவாண்டா போகும். 2019 பிப்ரவரி கடைசியில் எல்லையை மூடினார்கள். எங்கள் லாரி கபாலே ஊரில் நான்கு நாள் காத்து நின்று, அப்படியே சரக்கோடு திரும்பி வந்தது. 2022 ஜனவரி 31 அன்றுதான் மறுபடி திறந்தார்கள்.

திறந்த வாரமே பழைய நோட்டை எடுத்து, அதில் இருந்த பதினொரு ருவாண்டா கடைக்காரர்களுக்கும் போன் போட்டேன். நான்கு பேர்தான் எடுத்தார்கள். ருவாண்டாத் தலைநகர் கிகாலியில் நியாபுகோகோ பக்கம் கடை வைத்திருக்கும் ஒரு அம்மா, "மூன்று வருஷமாக இங்கே யாரும் சமைக்காமலா இருந்தார்கள்?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, ஆனால் எனக்குச் சுருக்கென்றது. இப்போது தான்சானியாவின் தார் எஸ் சலாம் துறைமுகம் வழியாக வரும் சீனச் சரக்கை எடுக்கிறாராம்.

கிகாலியில் வருஷா வருஷம் நடக்கும் சர்வதேச வர்த்தகக் கண்காட்சியில் ஸ்டால் எடுக்கலாம் என்று நினைக்கிறேன். வாடகை, தங்கும் செலவு, லாரிக் கூலி எல்லாம் வீண் என்கிறார் முதலாளி. யாராவது போயிருக்கிறீர்களா?

கிகாலி ஹார்டுவேர்:
அண்ணா, தயங்காமல் வாருங்கள். கண்காட்சி நடக்கும் கிகொண்டோ மைதானத்தில் எங்கள் கடைக்கு இரண்டு தடவை ஸ்டால் போட்டிருக்கிறேன். சாயங்காலமும் ஞாயிற்றுக்கிழமையும் குடும்பம் குடும்பமாக வருவார்கள். பாத்திரத்தைக் கவிழ்த்து அடியைச் சுண்டிப் பார்ப்பார்கள், பிடியில் இருக்கும் ஆணியை நகத்தால் நெருடிப் பார்ப்பார்கள், கடைசியில் ஒன்று வாங்குவார்கள். அந்தச் சில்லறையை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் முதலாளி சொல்வது சரிதான். ஆனால் மொத்த வியாபாரிகள் கூட்டம் இல்லாத நாளில், காலை வேளையில் தனியாக வருவார்கள். அந்த நேரத்தில் ஸ்டாலைப் பையனிடம் விட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடாதீர்கள். அந்த நியாபுகோகோ அம்மாவையும் நேரில் போய்க் கூப்பிடுங்கள். போனில் கேட்ட கேள்வியை முகத்தைப் பார்த்து அதே மாதிரி கேட்க மாட்டார்.

அப்புறம், முக்கியமான ஒன்று. உங்கள் ஊரில் பாத்திரத்துக்குள் பாத்திரம் அடுக்கி, நடுவில் பாலிதீன் பை போட்டுத்தானே கட்டுவீர்கள்? இங்கே 2008லிருந்து பாலிதீன் பைக்குத் தடை. எல்லையிலேயே பிரிக்கச் சொன்னால் அரை நாள் போய்விடும். பழுப்புக் காகிதம் சுற்றிக் கொண்டுவாருங்கள். ஒரு தடவைக்கு 2,000 டாலருக்கு உட்பட்ட சரக்கு என்றால் எல்லையிலேயே எளிய மூலச் சான்றிதழ் (சரக்கு எந்த நாட்டில் செய்தது என்று காட்டும் தாள்) கிடைக்கும். உகாண்டாவில் செய்த பொருளுக்குச் சுங்கவரி கிடையாது, 18 சதவீத வாட் மட்டும் உண்டு. விலையை ருவாண்டா பிராங்கில் எழுதி வையுங்கள். இங்கத்து மொழியான கின்யருவாண்டா பேசும் ஒருவர் ஸ்டாலில் கட்டாயம் வேண்டும்.

நைரோபி சரக்கு:
தம்பி, ஆசையைக் கெடுப்பதற்காகச் சொல்லவில்லை. முப்பது வருஷமாக இந்தப் பக்கம் லாரி அனுப்புகிறேன். உகாண்டாவிலிருந்து ருவாண்டாவுக்கு வருஷத்துக்குக் கிட்டத்தட்ட 200 மில்லியன் டாலர் சரக்கு போய்க்கொண்டிருந்தது. எல்லை மூடியதும் அது சில மில்லியனுக்கு இறங்கியது. கண்காட்சி நடக்காததால் இறங்கியதா? பெரியவர்கள் இரண்டு பக்கமும் முறைத்துக்கொண்டதால் இறங்கியது. கென்யாவுக்கும் தான்சானியாவுக்கும் நடுவில் 1977லிருந்து 1983 வரை எல்லை மூடிக் கிடந்ததைப் பார்த்தவர்கள் இங்கே இன்னும் இருக்கிறார்கள். 2024 ஜனவரியில் புருண்டி, ருவாண்டாவோடு இருந்த எல்லையை மூடியது. அதனால் ஸ்டால் போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் யாருக்கும் ஒரு லாரிச் சரக்குக்கு மேல் கடன் நிற்க விடாதீர்கள். 2019ல் நிறையப் பேருக்கு மாட்டிக்கொண்டது லாரி இல்லை, பாக்கிதான்.

கம்பாலாவாசி:
இருவருக்கும் நன்றி. கடன் விஷயம் உண்மை, எங்களுக்கும் வர வேண்டிய பாக்கி இன்னும் இருக்கிறது.

இதைப் படித்ததும் ஒன்று ஞாபகம் வந்தது. 2022 டிசம்பரில் கிழக்கு ஆப்பிரிக்கக் கைத்தொழில்காரர்களின் ஜுவா காலி கண்காட்சி இங்கே கொலோலோ மைதானத்தில் நடந்தது. ஜுவா காலி என்றால் சுவாஹிலியில் கொளுத்தும் வெயில் என்று அர்த்தம், வெயிலில் உட்கார்ந்து தொழில் செய்கிறவர்களை அப்படித்தான் சொல்வார்கள். அங்கே ருவாண்டாக்கார அம்மா ஒருவர் கூம்பு மூடி போட்ட கூடை பின்னிக்கொண்டே விற்றுக்கொண்டிருந்தார். என் மனைவிக்காக ஒன்று வாங்கினேன். பேச்சு வாக்கில் என் வேலையைச் சொன்னதும் பின்னலைக் கீழே வைத்துவிட்டு, கற்றாழை நாரைச் சாயத்தில் கொதிக்க வைக்கப் பெரிய பாத்திரம் கிடைக்குமா என்று கேட்டார். மறுநாள் 40 லிட்டர் பாத்திரம் இரண்டு கொண்டுபோய்க் கொடுத்தேன். கால்குலேட்டரில் பிராங்கையும் ஷில்லிங்கையும் மாற்றி மாற்றித் தட்டி விலை பேசினோம். அவருடைய ஊரில் இதே வேலை செய்கிற பெண்கள் நிறையப் பேர் இருப்பதாகச் சொன்னார். அவர் எண்ணை நான் வாங்கி வைக்கவில்லை. இன்று வரை அது மனதை அரிக்கிறது.

முதலாளியிடம் இன்று சாயங்காலம் பேசுகிறேன். கண்காட்சிக்கு 40 லிட்டர் பாத்திரம் ஆறு கொண்டுவருகிறேன். ஹார்டுவேர் தம்பி, கிகாலியில் கூடை பின்னுகிற கூட்டுறவுச் சங்கத்தார் யாரையாவது தெரியுமா?