உப்பு மெஷின் 100 சதவீதத்தில் ஓடியும் குளோரின் நிற்கவில்லை, பிஎச் இறங்கவில்லை. செல் மாற்ற வேண்டுமா?

கவிதா_ஈசிஆர்:
வணக்கம். உத்தண்டி பக்கம் வீடு. நீச்சல் குளம் 8க்கு 4 மீட்டர், சராசரி ஆழம் 1.4, அதாவது சுமார் 45,000 லிட்டர். உப்பிலிருந்து குளோரின் தயாரிக்கும் மெஷின், மணிக்கு 20 கிராம். போர் தண்ணீர், போதாவிட்டால் லாரி.

பிப்ரவரி வரை நன்றாக இருந்தது. வெயில் ஏற ஏற குளோரின் நிற்பதே இல்லை. மெஷினை முழு அளவில் வைத்துப் பகலில் 8 மணி நேரம் ஓட்டுகிறோம். நேற்று மதியம் பார்த்தது: குளோரின் 0.5, பிஎச் 8.2, ஆல்கலினிட்டி (காரத்தன்மை) 190, கால்சியம் கடினத்தன்மை 420, உப்பு 3200. ஸ்டெபிலைசர் (வெயிலில் குளோரின் அழியாமல் காக்கும் மருந்து) பார்க்க எங்கள் பரிசோதனை கிட்டில் வசதி இல்லை. தண்ணீர் தெளிவுதான். ஹைட்ரோகுளோரிக் ஆசிட் ஊற்றினால் பிஎச் இறங்கும், சில நாளில் பழையபடி ஏறிவிடும். டைல்ஸ் ஓரத்திலும், மெஷினில் குளோரின் உண்டாகும் பகுதியான செல்லின் தகடுகளிலும் வெள்ளையாகப் படிகிறது.

பராமரிப்புக்கு வருபவர் செல் போய்விட்டது, புதிது வாங்குங்கள் என்கிறார். பெரிய செலவு. மாமியாரோ, பிள்ளைகள் கண் எரிவதற்கு உப்புத் தண்ணீர்தான் காரணம் என்கிறார். யாராவது வழி சொல்லுங்கள்.

பூல்_பிரியன்:
மேடம், பெரிய குளோரின் மாத்திரை வாங்கி மிதவையில் போட்டு விடுங்கள். கூடவே பாசிக்கொல்லி ஒரு கேன். எங்கள் அபார்ட்மென்ட்டில் அப்படித்தான்.

பிரிஸ்பேன்_ரவி:
உப்பு குறைவோ? எங்கள் வீட்டு மெஷின் 4500 கேட்கும்.

குளத்துக்காரர்:
ரவி தம்பி, அது மெஷினுக்கு மெஷின் மாறும். மேடம், உங்கள் மெஷின் புத்தகத்தில் 2700 முதல் 3400 வரை என்று இருந்தால் உப்பில் கை வைக்காதீர்கள்.

செல் வாங்குவதையும் நிறுத்தி வையுங்கள். 20 கிராம் மெஷின் 8 மணி நேரத்தில் 160 கிராம் கொடுக்கும். உங்கள் குளத்துக்கு அது ஒரு நாளைக்கு 3.5 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு தண்ணீரில் 3.5 பங்கு). அவ்வளவு போய்ச் சேர்ந்தும் மதியம் 0.5 காட்டுகிறது என்றால், தயாராவதை யாரோ தின்கிறார்கள். வெயிலா பாசியா என்று தெரியாமல் எதை வாங்கினாலும் வீண்.

இன்று சூரியன் மறைந்த பிறகு மெஷினை அணைத்துவிட்டு, பம்ப் ஓடும்போது 10 சதவீத திரவக் குளோரின் இரண்டேகால் லிட்டர் ஊற்றுங்கள். 5 பிபிஎம் ஏறும். பழைய கேன் என்றால் வெயிலில் வீரியம் குறைந்திருக்கும், கொஞ்சம் கூடத் தேவைப்படும். ஒரு மணி நேரம் கழித்து அளந்து எழுதி வையுங்கள். விடியும் முன் மறுபடி அளங்கள். 1 பிபிஎம்முக்கு மேல் குறைந்திருந்தால் பாசி. அதற்குள் நின்றால் குற்றவாளி வெயில். மெஷினைப் போடாமலே மதியமும் ஒரு தடவை பாருங்கள். ஸ்டெபிலைசர் பார்க்கும் குழாய் தனியாகக் கிடைக்கும், அதையும் வாங்கிவிடுங்கள்.

கண் எரிச்சலுக்கு உப்பைக் குறை சொல்ல வேண்டாம். கடல் நீர் 35,000, நம் கண்ணீரே 9000 பிபிஎம் பக்கம். பிஎச் 8.2தான் முதல் சந்தேகம்.

கவிதா_ஈசிஆர்:
செய்து பார்த்தேன். இரவு 5, விடியற்காலை 4.5. மெஷின் போடாமல் மதியம் 1தான்! ஸ்டெபிலைசர் குழாயை விளிம்பு வரை நிரப்பியும் அடியில் கறுப்புப் புள்ளி தெளிவாகத் தெரிகிறது. குழாயின் கடைசிக் கோடு 30.

குளத்துக்காரர்:
அப்படியென்றால் 30க்கும் கீழே, ஏறக்குறைய இல்லவே இல்லை. ஸ்டெபிலைசர், அதாவது சயனூரிக் ஆசிட், இல்லாத தண்ணீரில் நேரடி வெயில் ஒரு மணி நேரத்துக்குள் பாதிக் குளோரினைத் தின்றுவிடும். நவம்பர், டிசம்பர் மழையில் குளம் வழிந்திருக்குமே? வழிந்ததில் உப்பும் போகும், ஸ்டெபிலைசரும் போகும். உப்பு குறைந்தால் மெஷின் விளக்கு எரிந்து கூப்பிடும், நீங்களும் மூட்டை வாங்கிக் கொட்டியிருப்பீர்கள். ஸ்டெபிலைசர் போனால் கூப்பிட ஆள் கிடையாது. குளிர்காலத்தில் தெரியாது, மார்ச் வந்தால் தெரியும். இந்தக் கடற்கரையில் வருடா வருடம் இதே கதைதான்.

முதலில் ஸ்டெபிலைசர் 2 கிலோ. 45 பிபிஎம் ஏறும். பழைய காலுறையில் கட்டி, தண்ணீர் திரும்பி வரும் குழாய் முன்னால் தொங்கவிடுங்கள். கரைய நேரம் பிடிக்கும். ஒரு வாரம் கழித்து அளந்து, 70க்கு மிச்சத்தைச் சேருங்கள். 70ல் குளோரின் 3.5க்குக் கீழே இறங்கக் கூடாது.

பூல்_பிரியன் சொன்ன மாத்திரையும் இப்போதைக்கு வேலை செய்யும், அதிலேயே ஸ்டெபிலைசர் இருக்கிறது. ஆனால் 10 பிபிஎம் குளோரினுக்கு 6 பிபிஎம் ஸ்டெபிலைசர் சேர்ந்துகொண்டே போகும். அளவு மீறினால் தண்ணீரைக் கொட்டித்தான் குறைக்க முடியும். லாரித் தண்ணீர் விலைக்கு யார் அதைச் செய்வது? பாசிக்கொல்லி வேண்டவே வேண்டாம். தாமிரம் கலந்ததென்றால் தரையில் கறை வேறு.

பிஎச் தனிக் கதை. 190 ஆல்கலினிட்டி என்றால் தண்ணீரில் கார்பன் டை ஆக்சைடு நிறைய. செல்லில் கிளம்பும் ஹைட்ரஜன் குமிழி அதை வெளியே தள்ளும். அது போகப் போகப் பிஎச் ஏறும். அருவி மாதிரி அலங்காரம் ஏதாவது இருந்தால் கொஞ்ச நாள் நிறுத்துங்கள். 33 சதவீத ஹைட்ரோகுளோரிக் ஆசிட் 850 மில்லி, உங்கள் குளத்தில் ஆல்கலினிட்டியை 10 குறைக்கும். 80க்கு வர மொத்தம் 9 லிட்டருக்கு மேல் ஆகும். ஒரே நாளில் ஊற்றிவிடாதீர்கள். பிஎச் 7.8ஐத் தாண்டும்போதெல்லாம் 7.2 வரை இறக்குங்கள், அவ்வளவுதான். 7.4லேயே பிடித்து வைக்கப் போராட வேண்டாம்.

செல்லின் வெள்ளை, சுண்ணாம்பு. நாலு பங்கு தண்ணீரில் ஒரு பங்கு ஆசிட் விட்டு (தண்ணீரில்தான் ஆசிட், மாற்றிச் செய்யாதீர்கள்) பத்துப் பதினைந்து நிமிடம் ஊற வையுங்கள். கம்பியால் சுரண்டினால் தகட்டின் பூச்சு போய்விடும். அப்புறம் நிஜமாகவே புதுச் செல்தான்.

கவிதா_ஈசிஆர்:
ரொம்ப நன்றி அண்ணா. ஸ்டெபிலைசர் இப்போது 60. மெஷினை 60 சதவீதத்துக்குக் குறைத்தும் மதியம் 3.5 நிற்கிறது. ஆல்கலினிட்டி 150க்கு வந்திருக்கிறது, ஆசிட் தொடர்கிறது. கால்சியத்துக்கு என்ன செய்ய?

குளத்துக்காரர்:
420 பயப்படும் அளவு இல்லை, பிஎச்சும் ஆல்கலினிட்டியும் கட்டுக்குள் இருந்தால் படியாது. ஆனால் ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், கால்சியம் தங்கிவிடும். போர் தண்ணீர் ஊற்ற ஊற்ற ஏறும். மொட்டை மாடி மழைநீர்த் தொட்டி இருந்தால் நிரப்ப அதைப் பயன்படுத்துங்கள்.

பூல்_பிரியன்:
அண்ணா, மரக்காணம் கல்லுப்பு மலிவாக இருக்கிறதே, போடலாமா?

குளத்துக்காரர்:
மண்ணும் மெக்னீசியமும் கால்சியமும் சேர்ந்து வரும், தண்ணீர் கலங்கும். சுத்திகரித்த, அயோடின் கலக்காத தூத்துக்குடி உப்பு மூட்டையே நல்லது.

இன்னொன்று, எல்லோருக்கும். ஆசிட் கேனையும் குளோரின் கேனையும் ஒரே பம்ப் அறையில் வைக்காதீர்கள். இரண்டும் கசிந்து கலந்தால் விஷ வாயு. ஒரே குவளையில் இரண்டையும் அளப்பதும் வேண்டாம்.