கலஹாரியில் கோடு ஏமாற்றுமா?

வில்லிசை: "ஆப்பிரிக்காவின் கலஹாரிப் பாலைவனத்துச் சான் மக்கள் முல்லர்-லையர் கோட்டில் ஏமாறவே மாட்டார்கள், மூலை வைத்த வீட்டில் வளர்ந்த நாம்தான் ஏமாளிகள்" என்று இந்தப் பதிவு இன்னும் எத்தனை குழுவில் சுத்தும்? சம நீளக் கோடு ரெண்டுல, முனை வெளியே விரிஞ்சது நீளமாவும் அம்பு மாதிரி மூடினது குட்டையாவும் தெரியுற மாயை அது. சான் மக்கள் அதில் ஏமாறுற அளவு 1 சதவீதம். பூஜ்ஜியம் இல்லை.

நெடுவரை: 1க்கும் 0க்கும் இவ்வளவு ஆவேசமா? ஆய்வாளர்கள் சீகல், கேம்ப்பெல், ஹெர்ஸ்கோவிட்ஸ் 1966 கணக்குப்படி அமெரிக்க எவன்ஸ்டன் ஊரில் 20 சதவீதம். நூத்துக்கு இருபது பேர் எங்கே, ஒருத்தர் எங்கே!

வில்லிசை: அடடா. ஆள் கணக்கா அது? கோட்டு நீளம் சார்! முனை வெளிப்பக்கம் விரிஞ்ச கோடு 10 செ.மீ. அம்பு மாதிரி மூடின கோட்டை 12 செ.மீ. ஆக்கினாத்தான் எவன்ஸ்டன்காரருக்கு ரெண்டும் சமம். சான் மக்களுக்கு 10.1 போதும். ஒரு மில்லிமீட்டர். ஆனா பூஜ்ஜியம் இல்லை.

ஓடைமீன்: ஒரு மில்லிமீட்டர் கேள்வி புரியாத குழப்பமாகவும் இருக்கலாமே?

வில்லிசை: அதுக்குத்தான் சோதனை அட்டையில் முனைக்கும் கோட்டுக்கும் நடுவே இடைவெளி விட்டாங்க. ஒட்டி வரைஞ்சா முனையையும் சேர்த்து "கோடு"ன்னு அளந்துடுவாங்க. படிச்சுட்டு வாங்க தம்பி.

நெடுவரை: 1901-02ல் ஆய்வாளர் ரிவர்ஸ் நீலகிரியில் சோதிச்சப்போ தோடர் பழங்குடியினரும் இங்கிலீஷ்காரரைவிடக் குறைவாத்தான் ஏமாந்தாங்க. தோடர் வீடு அரைப்பீப்பாய் வடிவம். மூலையைப் பார்த்துப் பழகின கண்ணுதான் ஏமாறும்னா, அங்கே மூலை ஏது?

ஓடைமீன்: முன்பக்கம் நேரான பலகைச் சுவர், அதில் சதுர வாசல். மூலை இல்லையாம்!

நெடுவரை: தவழ்ந்து நுழையுற வாசல் ஐயா அது. அதை வச்சா கண்ணு பழகும்?

ஓடைமீன்: சின்ன சதுரத்துக்கு மூலை மூணா?

வில்லிசை: வாசலை விடுங்கப்பா. 2015ல் வெளியான ஆய்வு, இந்தியாவில் நடந்தது. பிறவியிலேயே பார்வை இல்லாத, 8 முதல் 16 வயசுக்குள்ள 9 பிள்ளைகள். அறுவை முடிஞ்சு பார்வை வந்த உடனே இதே கோட்டைக் காட்டினாங்க. ஏமாந்தாங்க. எந்தச் சுவரைப் பார்த்துப் பழகினாங்களாம்? முனையை எடுத்துட்டு வட்டம் போட்டாலும் மாயை நிக்குது. வட்டத்தில் எங்கே மூலை?

நெடுவரை: சரி, அப்போ நடுவில் இருக்கிற 19 எங்கே போச்சு? அதைச் சொல்லுங்க.

வில்லிசை: முதல்ல "ஏமாறவே மாட்டார்கள்"ங்கிறதைத் திருத்துங்க.

நெடுவரை: நிலா மாயை பற்றின விவாதத்திலும் இப்படித்தான் கேட்டதுக்குப் பதில் சொல்லாம நழுவினீங்க. 19?

வில்லிசை: பூஜ்ஜியம் இல்லை.