கென்டக்கியின் சின்ன கவுண்டிகளை எப்படி ஒப்பிடுவது?

அமெரிக்க மாநிலமான கென்டக்கியின் 120 கவுண்டிகளையும் (நம் மாவட்டம் போன்றவை) நுரையீரல் புற்றுநோய் விகிதப்படி ஒப்பிடப் போய், சின்ன கவுண்டிகளில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். லூயிவில் என்ற பெரிய நகரம் இருக்கும் ஜெஃபர்சனில் சிக்கலே இல்லை. ராபர்ட்சனில் மொத்தமே சுமார் 2,200 பேர். ஒரு வருடம் இரண்டு பேருக்குக் கூடுதலாக வந்தாலே லட்சத்துக்கு 90 ஏறிவிடுகிறது. நோயாளிகள் 16க்குக் கீழே போனால் பொதுத் தரவில் எண்ணையே மறைத்துவிடுகிறார்கள்.

2000ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகையை வைத்து, வயது வேறுபாடு குழப்பாதபடி விகிதங்களை வயதுக்குச் சரிசெய்தாயிற்று, ஐந்தாண்டுச் சராசரியும் எடுத்தாயிற்று. ஜாயின்பாயின்ட் (போக்கு எங்கே மாறுகிறது என்று கண்டுபிடிக்கும் மென்பொருள்) ஓட்டினால் சின்ன கவுண்டிகளெல்லாம் 'மாற்றமில்லை' என்றே வருகின்றன. நிஜமாகவே குறையவில்லையா, எண்ணிக்கை போதவில்லையா என்று பிரிக்க முடியவில்லை. கோவிட்டால் பரிசோதனைகள் குறைந்த 2020ஐப் போக்கில் சேர்க்கவில்லை. அப்புறம் 15 வளர்ச்சி மாவட்டங்களாகச் சேர்த்தேன். எண்கள் நிலைத்தன, ஆனால் கிழக்கே அப்பலாச்சிய மலைக் கவுண்டிகளுக்குள் இருக்கும் வேறுபாடு மறைந்துபோனது. எனக்கு வேண்டியதே அந்த வேறுபாடுதான், நுரையீரல் புற்றுநோய்க்கான சிடி ஸ்கேன் பரிசோதனை முதலில் எங்கே போய்ச் சேரவேண்டும் என்று அதை வைத்துத்தான் சொல்ல முடியும்.

ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருளில், பக்கத்துக் கவுண்டிகளின் தரவைச் சேர்த்துக்கொள்ளும் பேயீசிய மாதிரி (பி.ஒய்.எம்.) செய்தவர்கள் சொல்லுங்கள்: இவ்வளவு குறைந்த எண்ணிக்கையில் கவுண்டிவாரியாகப் போக்கை ஒப்பிட அதை நம்பலாமா?