பள்ளிகளில் நிறப்பிரிவினையை உடைத்தது தீர்ப்பா, டாலரா?

கணக்கன்: பிரவுன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1954 மே 17 அன்று, 9 நீதிபதிகளும் ஒருமனதாக, பள்ளியில் நிறப்பிரிவினை செல்லாது என்றது. சரி. பத்து வருஷம் கழித்துத் தென் மாநிலங்களில் வெள்ளையரோடு படித்த கறுப்பினப் பிள்ளைகள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. 1964 சிவில் உரிமைச் சட்டம் வந்து, பிரித்து வைத்தால் மத்திய அரசுப் பணம் கிடையாது என்ற பிறகுதான் வழிக்கு வந்தார்கள்.

வாய்தா: வழிக்கு வந்த லட்சணத்தை வர்ஜீனியாவின் நியூ கென்ட் கவுண்டியில் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) பாருங்கள். மொத்தம் இரண்டே பள்ளி: வெள்ளையருக்கு நியூ கென்ட், கறுப்பினத்தவருக்கு வாட்கின்ஸ். நிதி போய்விடக் கூடாதென்று 1965 ஆகஸ்டில் "விருப்பத் தேர்வு" திட்டம் போட்டார்கள். 1, 8ஆம் வகுப்புப் பிள்ளைகள் கட்டாயம் ஒரு பள்ளியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மற்றவர்கள் எழுதிக் கொடுக்காவிட்டால் பழைய பள்ளியே. சூட்சுமம் அங்கேதான். மூன்று வருஷத்தில் ஒரு வெள்ளைப் பிள்ளைகூட வாட்கின்ஸுக்குப் போகவில்லை. கறுப்பினப் பிள்ளைகளில் 85 சதவீதம் இருந்த இடத்திலேயே. இத்தனைக்கும் இரு இனத்தவரும் தனித்தனிப் பகுதிகளில் குடியிருக்கவில்லை. ஒரே சாலைகளில் வாட்கின்ஸுக்கு 11 பேருந்து, நியூ கென்ட்டுக்கு 10 என்று ஓட்டினார்கள்!

இந்த நியூ கென்ட் விவகாரம் 1968-ல் கிரீன் வழக்காக உச்ச நீதிமன்றத்துக்கு வந்தபோது, நீதிபதி பிரென்னன் இதைத்தான் பிடித்தார். திட்டம் இப்போதே வேலை செய்ய வேண்டும், பொறுப்பு பள்ளி வாரியத்துடையது, பெற்றோர் தலையில் கட்டாதே என்றார். வழக்குத் தொடுத்தவர்கள் சொன்ன ஒரு வழியையும் சுட்டிக் காட்டினார்: எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரு கட்டடத்தில் 1 முதல் 7ஆம் வகுப்பு, இன்னொன்றில் 8 முதல் 12.

கணக்கன்: அந்த அரைகுறைத் திட்டமாவது நிதிக்குப் பயந்துதானே வந்தது? அதற்கு முன், 1964 செப்டம்பர் வரை, ஒரு மாணவர்கூடப் பள்ளி மாற விண்ணப்பிக்கவில்லை. தவிர, பிரிவினையை "உரிய நிதானத்தோடு விரைவாக" நீக்குங்கள் என்று 1955-ல் சொல்லி, இழுவைக்கு இடம் கொடுத்ததே உங்கள் நீதிமன்றம்தான்.

வாய்தா: 1955 சறுக்கல்தான், அதற்கு வக்காலத்து வாங்க மாட்டேன். ஆனால் அதே வர்ஜீனியாவில் பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டி, 1959-ல் பொதுப்பள்ளிகளையே இழுத்து மூடியது. வெள்ளைப் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி, அதற்கு அரசு உதவித்தொகை. பள்ளியே இல்லாதவனிடம் எந்த நிதியை நிறுத்துவீர்கள்? 1964 மே மாதம், சிவில் உரிமைச் சட்டம் கையெழுத்தாகும் முன்பே, தேவைப்பட்டால் வரி போடச் சொல்லியாவது பள்ளியைத் திறக்க வைக்கலாம் என்று கீழ் நீதிமன்றத்துக்கு அதிகாரம் கொடுத்தது உச்ச நீதிமன்றம்.

கணக்கன்: ஐந்து வருஷம் கழித்து. 1959-ல் ஒன்றாம் வகுப்பில் சேர வேண்டிய பிள்ளைக்கு அப்போது வயது பதினொன்று.